கொடுக்கப் போன நாயைத் திரும்பக் கூட்டி வந்த கதை: மதுரை ராஜபாளையம் நாய்க் குழு

நான் முதல் தடவை அந்தத் தோப்புக்குப் போனது என் நாயைக் கொடுத்துவிட்டு வருவதற்கு. 2022 ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்னால் ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பேசி, பின்னால் சாக்கை விரித்து வீராவைக் கட்டி, நானும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து செல்லூரிலிருந்து அழகர்கோவில் சாலையில் போனேன். வழியெல்லாம் அழுதேன். திரும்பும்போது அவனும் என்னோடு அதே வண்டியில் வந்தான். இப்போது என் வீட்டில் ராஜபாளையம் இரண்டு.

ராஜபாளையம் நாய் வளர்க்கிறவர்கள் மாதம் ஒரு தடவை கூடுகிற, கைவிட்ட நாய்களை மீட்கிற குழு இது. மூன்று வருடம் உள்ளே இருந்து பார்த்துவிட்டதால் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. குழுவின் பெயரையும் தோப்பு இருக்கிற இடத்தையும் நான் போடப் போவதில்லை. ஒரு தடவை யாரோ முகவரியோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட, அடுத்த பத்து நாளில் ஐந்து நாய்களைத் தோப்பு கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் ஒன்று இரவில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு செத்துக் கிடந்தது. அதனால் விசாரித்து வருகிறவர்கள் வந்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நாய் வைத்தியம் பார்க்கிற டாக்டர்களிடமோ நாய்த் தீவனம் விற்கிற கடைகளிலோ கேட்டால் நம்பர் கிடைக்கும்.

முதலில் வீராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 30-ம் தேதி பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லிப் பேசினார். முதோல், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் பெயராகச் சொன்னார். கொரோனா நேரம், என் மகன் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் போன பிள்ளை அவன், நாட்டு மாடு நாட்டு நாய் என்றால் உயிர். ஒரு மாதத்துக்குள் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு குட்டியை வாங்கி வந்துவிட்டான். விற்றவர் 45 நாள் குட்டி என்றார். டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு 30 நாள்கூட முழுசாக ஆகியிருக்காது என்றார். அடுத்த வருடம் மகனை பெங்களூருக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் வீராவும் மட்டும் மிச்சம்.

என் வீடு முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் இரண்டு அறை, ஒரு சின்ன முற்றம். காலை 10 மணியிலிருந்து ராத்திரி 8 வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ராஜபாளையமோ புது ஆளை நம்பாத நாய். பண்ணைக்கும் தோட்டத்துக்கும் காவலாக, வீட்டு ஆள் ஒருத்தர் இரண்டு பேரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு வளர்ந்த இனம். அதை நான் கடை வாசலில், மாடிப்படிக்கு அடியில் கட்டிப்போட்டிருந்தேன். ஒன்றரை வயதில், தண்ணீர் கேன் போட வந்த பையனின் கையைக் கடித்துவிட்டான். நல்ல ஆழம். பெரியாஸ்பத்திரிக்கு ஊசி போட அந்தப் பையனை நான்கு தடவையும் நானே கூட்டிக்கொண்டு போனேன்: கடித்த அன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். இந்த நாய் வேண்டாம் என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது முடியவில்லை. அப்போதுதான் குழுவின் நம்பர் கிடைத்தது. போன் எடுத்த பெண், "ஞாயித்துக்கிழமை நாயோட வாங்கக்கா, நேர்ல பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

தோப்பில் என்னைப் பார்த்துப் பேசியவர் திருமங்கலத்துக்காரப் பெரியவர் ஒருத்தர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்து இந்த நாய்களோடு வளர்ந்தவர். கையில் எப்போதும் ஒரு நோட்டு வைத்திருப்பார். அதன் முதல் பக்கத்தில் ஒரு தபால்தலை ஒட்டியிருக்கும். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கும் ஒன்று வந்தது, அந்தத் தபால்தலை அது. அவர் நாயைப் பற்றி என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எங்கே கட்டியிருக்கிறீர்கள், அதைத் தாண்டி எத்தனை பேர் போவார்கள், சோறு யார் வைப்பது, எத்தனை மணிக்கு, என்று என்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். வீரா அவரைப் பார்த்து உறுமிக்கொண்டே நின்றான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பத்து நிமிடம் கழித்து உறுமல் தானாக நின்றது.

"நாய் சரியாத்தாம்மா இருக்கு. கட்டிப் போட்ட எடந்தான் தப்பு" என்றார். அப்புறம், "மூணு மாசம் எங்களுக்குக் குடுங்க. அதுக்கப்புறமும் முடியலன்னு சொன்னா நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம். அன்னைக்கு ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டோம்" என்றார்.

அந்த மூன்று மாதத்தில் நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். வீராவின் இடம் வாசலிலிருந்து முற்றத்துக்கு மாறியது. கடைக்கும் முற்றத்துக்கும் நடுவில் இடுப்பளவு மரக்கதவு ஒன்று போட்டோம். ஆள் நடமாட்டம் தெரியாதபடி அதில் நான் பழைய திரைத்துணியைத் தைத்து மாட்டினேன். காலை 5 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் நடை. வாய்க்கூடு பழக்கும்போது அதன் உள்பக்கம் முட்டையைத் தடவி, அவனாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்பது நாள் ஆனது. குழுவில் இருக்கிற ஒரு கல்லூரிப் பையன் செவ்வாயும் வெள்ளியும் சைக்கிளில் வந்து வைகைக் கரைப் பக்கம் அவனை ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவான். ஒரு மாதம் தவறாமல் வந்தான். காப்பியைத் தவிர என்னிடம் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாவது மாத முடிவில் பெரியவர் போன் செய்து, "என்னம்மா, வண்டி அனுப்பவா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் புரிந்துகொண்டு வைத்துவிட்டார்.

இந்தக் குழுவின் மீட்பு வேலை என்றால் எல்லோரும் ரோட்டில் கிடக்கிற நாயைத் தூக்கி வருவதைத்தான் நினைக்கிறார்கள். அதுவும் நடக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நடந்த பெரிய வேலை ரோட்டுக்கு வராமலேயே தடுத்த நாய்கள்தான். அது நடப்பது மாதக் கூட்டத்தில், ஓட்டமெல்லாம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த முக்கால் மணி நேரத்தில். "எங்க வீட்டுல இத வச்சுக்க முடியாது போலிருக்கு" என்று ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்ல இடம் வேண்டும். வீட்டில் சொன்னால் சண்டை, அக்கம்பக்கத்தில் சொன்னால் மலையில் விடு என்பார்கள். இங்கே சொன்னால் கேட்கிற எல்லோரும் அதே மாதிரி ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை 6 மணி. சித்திரை வைகாசியில் ஐந்தரைக்கே தொடங்கி ஏழரைக்கு முடித்துவிடுவார்கள். வெள்ளைத் தோலும் ரோஸ் மூக்கும் இருக்கிற நாய்க்கு வெயில் நெருப்பு மாதிரி. மூக்கும் காதுமடலும் சிவந்து உரிந்துவிடும். தோப்பு நாலு ஏக்கர் மாந்தோப்பு, சுற்றிலும் ஆறடிக்குக் கம்பிவேலி. யாரும் நேராக உள்ளே போய்விட முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நாய் என்று வெளியே வரிசையாக நிற்க வேண்டும். முதல் அரை மணி நேரம் வேலிக்கு வெளியே மண்பாதையில் எல்லோரும் ஒரே திசையில் நடக்க வேண்டும், நாய்க்கு நாய் பத்தடி இடைவெளி. நேருக்கு நேர் முகம் பார்க்க விடமாட்டார்கள். பந்து, பிஸ்கட், எலும்பு எதுவும் அந்த நேரத்தில் வெளியே எடுக்கக் கூடாது. முதல் முறை எனக்கு இதெல்லாம் கெடுபிடியாகத் தெரிந்தது. மூன்று வருடத்தில் அந்தத் தோப்பில் ரத்தம் வருகிற சண்டையை நான் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு விருந்தாளி பையிலிருந்து கோழிக்காலை எடுத்திருந்தார்.

அப்புறம் இரண்டிரண்டாக அவிழ்த்து விடுவார்கள். ராஜபாளையம் ஓடுவதை வாசலில் கட்டிப் போட்டிருக்கிறவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். நானும் அதுவரை பார்த்ததில்லை. முதுகு வில்லாக வளைந்து, பின்னங்கால் இரண்டும் முன்னங்காலைத் தாண்டி வந்து விழுந்து, அப்படியே உடம்பு நீண்டு, ஒரு கணம் நான்கு காலும் தரையில் இல்லை. மோப்பம் பிடிக்காமல் கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம் அல்லவா. பழைய சேலைக் கிழிசலை நீளக் கயிற்றில் கட்டி, கவிழ்த்துப் போட்ட சைக்கிள் சக்கரத்தில் சுற்றி இழுப்பார்கள். அதைத்தான் துரத்தும். வீரா அன்று நான்கு சுற்று ஓடிவிட்டு வந்து என் காலில் சாய்ந்து படுத்தான். இரண்டு வருடத்தில் அவன் என் மேல் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

முயல் பிடிக்கிற பேச்சுக்கு இங்கே இடமில்லை. தெற்கே பல ஊர்களில் இந்த நாய்களை முயலுக்கும் பன்றிக்கும் விட்டவர்கள் உண்டு, அந்தப் பழக்கத்தில் சில இளவட்டங்கள் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். அனுப்புகிறவரை அன்றே குழுவிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பெரியவரின் சொந்த அண்ணன் மகனையே எடுத்தார்கள்.

ஏழு மணி வாக்கில் சாப்பாடு. இட்லி அல்லது வெண்பொங்கல், மார்கழியில் பருத்திப்பால். ஒரு ஆளுக்கு 50 ரூபாய். வருடச் சந்தா 600. சாப்பிடுகிறபோதே ஒத்தக்கடை அக்கா ஒருவர் எழுந்து போன மாதக் கணக்கை நோட்டைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார். எந்த நாய்க்கு எந்த ஊசி, எவ்வளவு, யார் பணம், கையிருப்பு எவ்வளவு. ரசீது எல்லாம் ஒரு கிளிப்பில் கோத்துச் சுற்றுக்கு விடுவார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வங்கிக்காரர் ஒரு தடவை 40 ரூபாய் இடிக்கிறது என்று சொல்ல, அந்த அக்கா அங்கேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, ஆட்டோவுக்குக் கொடுத்ததை எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்தார். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் யோசிக்காமல் பணம் கொடுப்பேன்.

இனி ரோட்டு நாய்கள். அழைப்பு வந்தால் போட்டோவும் இடமும் கேட்பார்கள். முதலில் அது தொலைந்து போன நாயா என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் விசாரிப்பார்கள். ஒரு வாரம் யாரும் வரவில்லை என்றால்தான் குழுவின் நாய். குட்டியாக இருந்தால் மற்ற நாய்களிடம் சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வைப்பார்கள், குட்டிகளுக்குத் தொற்றுகிற பார்வோ வைரஸ் நோய் பயம். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது, குடற்புழு மருந்து, தடுப்பூசி, உடம்பு தேறிய பிறகு கருத்தடை. இந்த மாதிரி ஒல்லி நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு ரொம்பக் குறைவு, அதனால் மயக்க மருந்தை மற்ற நாய்க்குப் போல எடை மட்டும் பார்த்துக் கொடுக்கக் கூடாது. கிரேஹவுண்டுகளில் சில மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரம் எடுப்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம், அந்தக் கவனத்தோடுதான் இவைகளையும் பார்க்கிறார்கள். குழு அனுப்புகிற இரண்டு டாக்டர்களுக்கும் இது பழக்கம். வேறு இடத்தில் செய்கிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே கேளுங்கள்.

பஞ்சு எங்களுக்குக் கிடைத்தது 2023 கார்த்திகையில். கப்பலூர் பக்கம் நான்குவழிச் சாலை ஓரத்தில், லாரிகள் ஹார்ன் அடிக்க அடிக்க நகராமல் ஒரு வெள்ளை நாய் நிற்கிறது என்று ஒரு லாரி டிரைவர்தான் சொன்னார். போய்த் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருத்தி. எடை 14 கிலோ. உயரத்துக்கு 24, 25 கிலோ இருந்திருக்க வேண்டும். காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாக. மடி தொங்கிப் போயிருந்தது. இரண்டு ஈத்தாவது குட்டி போட்டிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். ரத்தத் தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தன, உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மருந்து 28 நாள், ஒரு வேளை தவறாமல், வயிறு புண்ணாகாமல் இருக்கச் சோற்றோடு. கண் இரண்டும் வெளிறிய நீலம். அவள் தூங்கும்போது பெரியவர் பின்னால் தள்ளி நின்று, காற்றும் அதிர்வும் படாதபடி, எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டினார். காது அசையவில்லை. முழுச் செவிடு.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் யாருக்கும் இது தெரிவதில்லை. எல்லோரும் கேட்பது பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. அதுதான் அசல் ராஜபாளையத்தின் அடையாளம். ஆனால் உள்காதிலும் நிறமிச் செல்கள் இருந்தால்தான் காது கேட்கும். அவை இல்லாத குட்டிக்கு, பிறந்த மூன்று நான்கு வாரத்திலேயே சத்தத்தை வாங்குகிற நுண்செல்கள் மடிந்துவிடும். டால்மேஷியன் நாய்களில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் 100-க்கு 8 இரண்டு காதும் கேட்காதவை, 22 ஒரு காது கேட்காதவை. நீலக் கண் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். 30 நாளில் குட்டியை விற்கிறவர் செவிட்டுக் குட்டியைத் தெரிந்தே தள்ளிவிடுகிறாரோ தெரியாமல் தள்ளிவிடுகிறாரோ, வாங்கின வீட்டில் ஆறு மாதம் கழித்து "கூப்பிட்டா வரமாட்டேங்குது, திமிரு" என்று அடி விழும். பஞ்சுவின் முதுகில் பழைய தழும்பு மூன்று இருக்கிறது. அவளுக்குக் காது கேட்காது என்று தெரியாமலே யாரோ அடித்திருக்கிறார்கள், தெரிந்தும் யாரோ குட்டி போட விட்டிருக்கிறார்கள்.

பஞ்சுவைத் தற்காலிகமாகத்தான் என் வீட்டில் வைத்தார்கள். மருந்துக் காலம் முடிந்ததும் இரண்டு குடும்பங்கள் பார்க்க வந்தன, செவிடு என்றதும் போய்விட்டன. மூன்றாவது ஆள் வருவதற்குள் நானே வளர்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் விதிவிலக்கு இல்லை. வீட்டைப் பார்வையிட்டார்கள், மரக்கதவின் தாழ்ப்பாளை மாற்றச் சொன்னார்கள், 3,500 ரூபாய் வாங்கினார்கள். கருத்தடைக்கும் ஊசிக்கும் ஆன செலவில் அது பாதிகூட வராது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: எந்தக் காரணத்துக்காக எப்போது முடியாமல் போனாலும் நாயை வேறு யாருக்கும் கொடுக்காமல் குழுவிடமே திருப்பித் தர வேண்டும். அந்த வரியைப் பெரியவர் வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்.

செவிட்டு நாயை வளர்ப்பது எப்படி என்று குழுவில் எழுதி வைத்த தாள் ஒன்று இருக்கிறது, நல்ல தாள். தூங்குகிற நாயைத் தொடாதே, மூக்குக்கு முன்னால் கையை வை, வாசனையில் எழும். தரையில் காலால் இரண்டு தட்டு தட்டினால் "என்னைப் பார்". இருட்டில் விளக்கை அணைத்துப் போட்டால் "உள்ளே வா". கட்டவிழ்த்துத் திறந்த வெளியில் ஒருபோதும் விடாதே. நான் கைவிரலை மடக்கி நெஞ்சில் தொட்டால் பஞ்சு எங்கிருந்தாலும் வருவாள். அந்தத் தாளில் இல்லாத ஒன்றை அவளே எனக்குக் காட்டினாள். நான் தையல் மிஷினை மிதிக்கும்போது தரை அதிர்கிறது. அந்த அதிர்வில் தாடையை வைத்துத் தூங்குவாள். மிதிப்பதை நிறுத்தினால் எழுந்து முகத்தைப் பார்ப்பாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை ஒன்று. குழுவில் குட்டி போட்டு விற்கிற உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு பக்கம் நாம் செவிட்டு நாயைச் சாலையிலிருந்து தூக்குகிறோம், இன்னொரு பக்கம் அதே மரத்தடியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறவர் காது சோதிக்காமல் குட்டி விற்கிறார். தம்ளர் தட்டுகிற சோதனையில் ஒரு காது கேட்காத நாய் மாட்டாது. அதற்கு பேயர் (BAER) என்று ஒரு சோதனை உண்டு, சத்தம் கொடுத்துவிட்டு மூளைக்குப் போகிற மின் அலையைப் பார்ப்பார்கள். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, செலவும் உண்டு என்கிறார்கள். கிடைக்கிற ஊருக்கு வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போகலாம். தாய் தகப்பன் இரண்டுக்கும் சோதனை இல்லாமல் குட்டி போடக் கூடாது, 45 நாளுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, இந்த இரண்டையும் உறுப்பினர் விதியாக எழுத வேண்டும் என்று மூன்று கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டேன். பேசுவோம் என்கிறார்கள். பெரியவரும் இதில் தயங்குகிறார், இனமே குறைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் பஞ்சுவின் முதுகைத் தடவுகிற கைக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த கூட்டத்திலும் பேசுவேன்.

மற்றபடி, தோப்பில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. பக்கத்து வீட்டில்தான் கேட்டுப் போக வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஷேர் ஆட்டோவும் நிற்காது. வண்டி இல்லாதவர்களுக்குக் குட்டி யானைக்குப் போகவர 700 ரூபாய் ஆகிறது. செல்லூர், ஆரப்பாளையம் பக்கத்துக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போகிறோம், நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படங்களுக்கு நடுவே அவசரச் செய்தி மூழ்கிப் போகும். இப்போது அவசரத்துக்குத் தனிக் குழு வைத்துவிட்டார்கள்.

நாய் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கு வெறும் ஆளாகப் போய் உட்காருங்கள், அனுமதிக்கிறார்கள். பெரியவர் முதலில் கேட்பது வீட்டில் எத்தனை பேர் என்றல்ல, வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போவார்கள் என்று. அடுக்குமாடி வீடு, நாள் முழுக்க ஆள் இல்லாத வீடு, ஓயாமல் ஆள் வருகிற வீடு என்றால் ராஜபாளையம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வார். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. 1960-ம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் நாயைப் பட்டினியாக விட்டுவிட்டுப் போவது குற்றம்தான், ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை. அதனால் வாங்கும்போதே தடுப்பதுதான் வழி என்பது அவர் கணக்கு.

குழுவில் என் வேலை பெல்ட் தைப்பது. இந்த இன நாய்க்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. கடையில் விற்கிற பெல்ட்டைப் பின்னால் இழுத்தால் அப்படியே தலை வழியாக உருவிக்கொண்டு போய்விடும். சாலையில் அடிபட்ட இரண்டு நாய்கள் இப்படி உருவிக்கொண்டு ஓடியவைதான். அதனால் இரண்டு அங்குல அகலத்தில் நிவார் பட்டை, உள்பக்கம் பருத்தித் துணி வைத்து, இரண்டு வளையம் கோத்துத் தைக்கிறேன். இழுத்தால் கொஞ்சம் இறுகும், விட்டால் தளரும், கழுத்தை நெரிக்காது. துணிக்கும் வளையத்துக்கும் ஆகிற 120 ரூபாய் மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

போன கூட்டத்துக்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். ஒன்பது மாதத்து ஆண் நாய். வாசலில் பால்காரர் மேல் பாய்ந்துவிட்டதாம். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், கையில் நாயின் தடுப்பூசிப் புத்தகம், அதன் தட்டு, அது படுக்கிற சாக்கு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று பையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெரியவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் போட்டு, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்தார். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். நாய் உறுமியது. திரும்பி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டிக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஈர மூக்கு உள்ளங்கையில் பட்டது. கழுத்து பதினாறே முக்கால் அங்குலம், தலை பதினேழு. குறித்துக்கொண்டு, "வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறு பெல்ட்டு ரெடியா இருக்கும்மா, நாயோட வந்து வாங்கிக்க" என்றேன். அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு, "என்ன கலர்லக்கா தைப்பீங்க?" என்று கேட்டாள்.